ஒரே விலாசத்துக்காரர்கள்

மாவடுவைக் கடித்த வாய் அப்படியே நின்றது. திரையில், சர்வருக்கு வருகிற கூட்டத்தைக் காட்டுகிற கோடு எழும்ப ஆரம்பித்திருந்தது. எழும்பட்டும் சவம், எழும்பினது இறங்காமலா போகும், இதுமாதிரி எத்தனை பார்த்தாச்சு, என்று முத்துவடிவு அடுத்த வாய் தயிர்சாதத்தையும் அள்ளி வைத்தாள், ஆனால் கண் டிபன் டப்பாவில் இல்லை, கை அது பாட்டுக்குப் போய்வந்தது. வெளியே அவினாசி ரோட்டில் மத்தியான வெயில் பல்லை இளித்துக்கொண்டிருக்க, மூன்றாவது மாடியில் ஏசிக் குளிர் அவள் பின்கழுத்தில், சுடிதார் லேபிள் உறுத்துகிற அதே இடத்தில், வந்து உட்கார்ந்திருந்தது. இந்த லேபிளை வெட்ட வேண்டும் என்று வாங்கின நாளிலிருந்து நினைக்கிறாள், நினைப்பு உண்டு, கத்திரிக்கோல் எடுக்கிற கை இல்லை, எல்லாக் காரியமும் அவளுக்கு அப்படித்தான். என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால் வாசல் காவல் என்று சொல்லிவிடுவாள், அது பொய்யுமில்லை. ஊரில் பல பேருடைய சர்வர்களைக் கம்பெனி தன் வீட்டில் குடிவைத்திருக்கிறது, அத்தனை குடித்தனத்துக்கும் போகவர ஒரே லைன். ஒரு கடையை மூடவைக்கப் பூட்டு எதற்கு, வாங்குகிற எண்ணமே இல்லாத ஆயிரம் பேரை அனுப்பி இது என்ன விலை, அது என்ன விலை என்று கேட்கவிட்டால் போதாதா, கடைக்காரன் அவனே ஷட்டரை இறக்கிவிடுவான். இங்கே அனுப்புகிறவன் ஆளை அனுப்புவதில்லை, மெஷின்களை அனுப்புகிறான், அவை களைப்பதில்லை, வெட்கப்படுவதில்லை. ஒரு குடித்தனத்தின் கதவில் அவை வந்து மோதினால் மொத்த வீட்டுக்கும் மூச்சு முட்டும். மோதுகிற இன்டர்நெட் விலாசங்களைப் பார்த்து, இது ஆள், இது மெஷின் என்று பிரித்து, மெஷினைத் தெருவிலேயே நிறுத்துவது வடிவுக்கு வேலை. கோடு எழும்புவது ஜெபமாலையின் சர்வரில் என்று பார்த்ததும் அவளுக்கு மாவடு புளிப்பு நின்றுபோனது.

ஜெபமாலை ராமநாதபுரத்துப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறவர். கல்யாணம், காதுகுத்து, சாவு, எதுவானாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு நேரடியாகக் காட்டுவார். இன்டர்நெட்டில் காசில்லாமல் கிடைக்கிற இடங்களில் காட்டிக்கொண்டிருந்தவர்தான், ஒரு தடவை பாடையைத் தூக்குகிற நேரத்தில், பின்னால் ஓடின ஒப்பாரி கேசட்டுக்கு உரிமை கேட்டு யாரோ படத்தை நிறுத்திவிட்டார்கள், அதோடு வெறுத்துப்போய் இங்கே தனியாக சர்வர் எடுத்தார். காலையில் போன் பண்ணியிருந்தார். "மேடம், இன்னைக்கு ஒரு சாவு ஓடுது, கொஞ்சம் பாத்துக்கிருங்க. பூரணத்தம்மான்னு, பஸ் ஸ்டாண்டு பக்கம் சாப்பாட்டுக்கடை வச்சிருந்தவங்க. மகன் பாண்டி வளைகுடாவுல கம்பி கட்டுற வேல, மொதலாளி லீவு குடுக்க மாட்டேன்னுட்டான். அங்க வீடியோ காலும் ஓடாது. அம்மா முகத்தக் கடைசியா ஒரு தடவ பாத்துப்புடணும்னு அழுகுறான். நம்மளத்தான் நம்பியிருக்கான் மேடம்." சரி என்றாள். "அவன் மட்டுமில்ல மேடம், நம்ம பக்கத்துப் பயலுக எவன் பிளேன் ஏறப் போனாலும் அந்தக் கடையிலதான் கடைசிச் சோறு. ஊர விட்டுப் போற பயலுக்கு அந்தம்மா எலையில முட்ட ஒண்ணு கூட வைக்கும். அத்தனை பேரும் படத்தப் பாப்பானுக. கேம்ப்புல கெடக்குற பயலுக, எல்லாத்துக்கும் ஒரே வைஃபை." அதற்கும் ம் என்றாள். அந்த ம்மை இப்போது நினைத்துப் பார்த்தால் அது காதில் விழுந்த ம்மா, விழாத ம்மா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை, அப்போது லிஃப்ட் வந்துவிட்டது, கூட்டத்தில் யாரோ காலை மிதித்தார்கள், அவ்வளவுதான் ஞாபகம்.

கோடு இன்னும் கொஞ்சம் ஏறியது. ஆளா, மெஷினா. பாம்பென்று அடிக்கவும் முடியாது, பழுதையென்று தாண்டவும் முடியாது, இந்தப் பிழைப்புக்கு நாலு எருமை மேய்க்கலாம் என்று அப்பா சொல்வார், அப்பாவிடம் எருமையும் இல்லை. ஒரு விலாசத்திலிருந்து ஒரு ஆள் கேட்கிற அளவுக்கு மேல் கேட்டால் அது ஆளில்லை, இதுதான் பாடம். இப்போது மோதுகிற விலாசங்கள் நாலைந்துதான், ஆனால் ஒவ்வொன்றும் நூறு வாயால் கேட்கிறது. ஒரே விலாசம், நூறு வாய். பாடப்படி அது மெஷின். பொறு வடிவு, கொஞ்சம் பொறு, ஜெபமாலை என்னமோ சொன்னாரே. பொறுத்து என்ன கண்டாய் போன தடவை. போன தடவை ஜவுளிக்கடைக்காரன் ஒருவன், ஆடித் தள்ளுபடிங்க மேடம், வர்றதெல்லாம் நம்ம கஸ்டமருங்க, கதவைச் சாத்திடாதீங்க என்று போனிலேயே காலில் விழாத குறையாகக் கெஞ்சினான், இவளும் நம்பி விட்டுவைத்தாள், அது கஸ்டமரும் இல்லை கழுதையும் இல்லை, போட்டிக் கடைக்காரன் கூலிக்கு ஏவின மெஷின்கள். மொத்த லைனும் விழுந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காரனுக்கு ரிசல்ட் போகவில்லை, பஸ் டிக்கெட் விற்கிறவன் வாயில் வந்ததையெல்லாம் பேசினான். மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் குழந்தைவேலு அவளை எழுந்து நிற்கவைத்து, சத்தமே போடாமல், சிரித்த முகமாகக் கேட்டார்: "ஏனுங்க, இது கம்பெனிங்களா, சத்திரமுங்களா? வர்றவனுக்கெல்லாம் பாய் போட்டுக் குடுக்கறீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அதுதான் கேவலம். அன்றிலிருந்து அவள் பெயர் சத்திரம். காபி மெஷின் பக்கத்தில் சத்திரம், லிஃப்டில் சத்திரம், புதிதாகச் சேர்ந்த பெண்கூட, உங்களை ஏன்க்கா அப்படிக் கூப்பிடறாங்க என்று கண்ணை விரித்துக் கேட்டது, கேட்ட மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்தது, அதற்குக் கதை முழுக்கத் தெரியும்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அவள் வரம்பை இறுக்கினாள். ஒரு விலாசத்துக்கு இவ்வளவுதான், மிஞ்சினால் கொஞ்ச நேரத்துக்குத் தெருவில் நில். ஜெபமாலையின் கேமராவுக்கு மட்டும் தனிவழி விட்டுவைத்தாள், படம் உள்ளே வரட்டும், அதற்கென்ன. முதல் விலாசம் சிவப்பாக மாறியது. அடுத்தது. அடுத்தது. சிவப்பு விழுகிறபோதெல்லாம் அடிவயிற்றில் ஒரு சின்ன இனிப்பு, யாரிடமும் சொல்ல முடியாத இனிப்பு, இது எங்கிருந்து வருகிறது என்று தேடினால் அம்பாசமுத்திரம் பள்ளிக்கூடத்தில் போய் நிற்கிறது. சாக்பீஸ் கையில், டீச்சர் வெளியே, பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வகுப்பே மூச்சுவிடாமல் இவள் கையைப் பார்க்கிறது. செண்பகவல்லி எழுந்து, வடிவு, ஒண்ணுக்கு வருது, போயிட்டு வந்திருதேன் என்கிறாள். பேசினாயல்லவா, பேசினால் பெயர். செ என்று ஆரம்பித்து லி வரைக்கும் நிறுத்தி நிதானமாக, கீழே ஒரு கோடும் இழுத்து. செண்பகவல்லி உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் பெஞ்சுக்கடியில் தரை நனைந்தது, வகுப்பு முழுக்க ஓவென்று சிரித்தது, இவள் சிரிக்கவில்லை, சாக்பீஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் என்ன செய்ய, டீச்சர் சொன்னது. இந்தக் கதையை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கட்டினவனிடம்கூட. அவனிடம் சொல்லியிருந்தால் அடுத்த சண்டையிலேயே எடுத்து வீசியிருப்பான், அவன் அப்படிப்பட்டவன், அவனை விட்டு வந்தது நல்லதுக்குத்தான். நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொள்ள இந்த நாற்காலி வேண்டும், அதை மறக்காதே. இது போனால் அண்ணன் வீடு. மதினி ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் பயம், இவள் தட்டில் மட்டும் சோற்றைக் கொஞ்சம் உயரத்திலிருந்து போடுவாள், தட்டில் விழுகிற சத்தத்திலேயே எல்லாம் அடங்கிவிடும்.

படம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகத் திரையின் ஓரத்தில் ஜெபமாலையின் பக்கத்தையும் சின்னதாகத் திறந்துவைத்திருந்தாள், சத்தத்தை நிறுத்திவிட்டு. ஆபீஸ் உள்வழி அது, அதற்கு வரம்பு கிடையாது. பூரணத்தம்மாள் மயானத்தில் விறகின்மேல் கிடந்தாள். நல்ல அகலமான முகம். சோறு போட்டுப் போட்டுத்தான் முகம் அப்படி ஆகியிருக்குமோ, என்ன கிறுக்குத்தனமான நினைப்பு. வாய்க்கரிசி போட வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். வடிவு தயிர்சாதத்தை அள்ளின கையை அந்தரத்தில் நிறுத்தி, ஒரு வாய்க்கரிசி, ஒரு தயிர்சாதம், சீ என்று தன்னையே வைதுகொண்டு, பசி கேட்கிறதா என்ன, விழுங்கினாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. முதலில் தற்செயல் என்று நினைத்தாள். வெளியே போகிற படத்தின் கணக்கு திரையில் இன்னொரு கட்டத்தில் ஓடும், அதில் படம் தெளிவாகப் போகிறபோது கோடு இறங்குகிறது. படம் திக்கினால் எழும்புகிறது. மறுபடி ஓடினால் இறங்குகிறது. கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்னொரு தடவை பார். திக்கியது, எழும்பியது. மெஷினுக்கு முகம் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன. படம் நின்றுபோனதே என்று பதறுகிற மெஷினை எவன் செய்தான். ஆள்தான் பதறுவான், படம் நின்றதும் திரையை மறுபடி மறுபடி அழுத்துவான், ஒருவன் அழுத்தினால் பக்கத்தில் இருக்கிறவனும் அழுத்துவான், ஒரு கேம்ப்பே கட்டிலில் உட்கார்ந்து அழுத்துகிறது, எல்லாம் ஒரே வைஃபை, ஒரே விலாசம். படம் ஏன் நிற்கிறது. நீ வரம்பை இறுக்கினாய், அதனால் நிற்கிறது. நின்றதால் அழுத்துகிறார்கள். அழுத்துவதால் நீ இன்னும் இறுக்குகிறாய். வெள்ளம் வருகிறது, வெள்ளம் வருகிறது என்று நீயே வாய்க்காலை அடைத்துவிட்டு, தேங்கின தண்ணீரைக் காட்டி வெள்ளம் என்கிறாய். அடி பாவி. ஆட்டத்தை ஆரம்பித்ததே நீதான்.

திறந்துவிடு. ஒரே அழுத்து. திறந்தால் படம் ஓடும், படம் ஓடினால் அழுத்த மாட்டார்கள், கோடு தானே படுத்துவிடும். தெரிகிறதல்லவா, திற. ஆனால் அது உன் கணக்கு. ஜவுளிக்கடைக்காரன் விஷயத்திலும் இப்படித்தான் ஒரு கணக்குப் போட்டு, அது தப்பாது என்று தலையாட்டிக்கொண்டாய். இதில் பாதி ஆளும் பாதி மெஷினுமாக இருந்தால்? ராமநாதபுரத்தில் இன்னொரு ஸ்டூடியோக்காரன் இல்லாமலா இருப்பான், அவனுக்கு ஜெபமாலைமேல் பொறாமை இல்லாமலா இருக்கும். திறந்ததும் மொத்தமும் வந்து மோதினால், இன்று பக்கத்து சர்வரில் ஏதோ காலேஜுக்கு ஹால் டிக்கெட் ஓடுகிறது, அது விழுந்தால் பிள்ளைகள் தெருவில் நிற்கும். பிள்ளைகளைப் பற்றி உனக்கென்ன திடீர் அக்கறை, உன்னைப் பற்றிச் சொல். சரி, என்னைப் பற்றித்தான். உயிரோடு இருக்கிற நான் நாளைக்கு மீட்டிங்கில் நிற்க வேண்டும், செத்துப்போன அம்மாளை யாரும் எழுப்பி நிற்கவைக்கப்போவதில்லை. கை மவுஸ்மேல்தான் இருந்தது. அம்புக்குறியை அந்தப் பொத்தான்வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள், அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை, விரல் குளிரில் மரத்துக் கிடந்தது. பாண்டி என்றாரே ஜெபமாலை, எப்படி இருப்பான். கம்பி கட்டுகிறவன் கை காய்ப்புக் காய்த்திருக்கும், அந்த விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கேட்காது, இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் கேட்கும், அதையும் நான் மெஷின் கணக்கில் சேர்த்திருப்பேன். நினைக்காதே. அவன் முகத்தைப் பார்க்காதவரைக்கும் அவன் ஒரு விலாசம், விலாசத்துக்கு ஏது அம்மா.

நாற்காலியின் முதுகில் ஒரு கை வந்து விழுந்தது. திரும்பாமலே தெரிந்தது, ஏலக்காய் வாசனை, சாப்பிட்டதும் ஏலக்காய் மெல்லுகிற ஆள் இந்த மாடியில் ஒருவர்தான். "ஏனுங்க சத்திரம், என்னமோ ஏறுதாட்ட இருக்குது?" என்றார் குழந்தைவேலு. வடிவு வாயைத் திறந்தாள். சார், இது அட்டாக் இல்லை, ஆளுங்க, ஒரு சாவு ஓடுது, அம்மா முகம் பார்க்கணும்னு, சொல்ல வேண்டிய அத்தனையும் நாக்கு நுனிவரைக்கும் வந்தது, முழு வாக்கியமாகவே வந்தது. வாயிலிருந்து விழுந்தது வேறு: "இறுக்கிட்டேன் சார்." அவர் குனிந்து சிவப்புகளைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தலையாட்டினார். "பரவால்லையே. கதவச் சாத்தக் கத்துக்கிட்டீங்க. இப்படித்தான் இருக்கோணும். அந்தக் கஸ்டமர் கூப்பிட்டு அழுவான், மனசு எளகிராதீங்க." நின்றார். போகவில்லை. "வடிவு, அடுத்த மாசம் டீம் லீடுக்கு ஒரு பேரு கேட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, பெயரை மட்டும் சொல்லாமல், முதுகில் தட்டுவதுபோல் நாற்காலியைத் தட்டினார். வடிவு என்றார். எத்தனை நாளைக்கப்புறம் வடிவு. அந்த ஒரு சொல் காதுவழியே இறங்கி, குளிரெல்லாம் விலகி, லேபிள் உறுத்தல்கூட அடங்கிப்போய், அவளுக்கு அழுகை வரப்பார்த்தது, சந்தோஷத்தில். தனக்கு இத்தனை சீக்கிரம் விலை படிந்துவிட்டதே என்று ஒரு பக்கம் தன்மேலேயே காறித் துப்பிக்கொண்டே இன்னொரு பக்கம் சந்தோஷப்பட்டாள், இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் பண்ணவில்லை. அம்புக்குறியைப் பொத்தானிலிருந்து நகர்த்தி வரம்பை இன்னும் ஒரு படி இறக்கினாள். மிச்சமிருந்த விலாசங்களும் சிவப்பாயின.

போன் அடித்தது. ஜெபமாலை. குழந்தைவேலு அங்கேயேதான் நின்றார், பேசுங்க பேசுங்க என்று கண்ணைக் காட்டினார். "மேடம், சர்வர் சரியா இருக்குதா? என் போன்ல பக்கமே தொறக்க மாட்டேங்குது." இரைச்சலுக்கு நடுவில் சங்குச் சத்தம் கேட்டது. "கொஞ்சம் லோடு இருக்கு சார்" என்றாள். "லோடு இருந்தா இருக்கட்டும் தாயி, பாண்டிக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். வரட்டி அடுக்கி மூட்டம் போடணும்னு நிக்கிறாங்க, மழ வேற இருட்டிக்கிட்டு வருது. அவன் பாக்காம மூடக் கூடாதுன்னு நான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். போன் போட்டா எடுக்க மாட்டேங்குறான், எடுத்தா படம் விட்டுப்போயிரும்னு பயந்துக்கிட்டு எடுக்காம வச்சிருக்கான்போல. ஒங்களுக்குத் தெரியும்ல, யாரும் பாக்குறாங்களான்னு? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." வடிவு பார்த்தாள். பக்கத்தின் மூலையில் ஒரு கண் படம் போட்டு, பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று காட்டும். ஒன்று என்று காட்டியது. அந்த ஒன்று யார் என்று அவளுக்குத் தெரியும், டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஓரத்துச் சின்னத் திரையில் ஜெபமாலை கேமராவை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோயிருந்தார். நெற்றித் திருநீறு, ஒரு பக்கம் லேசாகத் திறந்த கண், வாயோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அரிசி, எல்லாம் அவ்வளவு தெளிவு. மகனுக்காக எடுத்த படம். "மேடம்? ஆரும் பாக்குறாங்களா?" ஏலக்காய் வாசனை குனிந்தது. "ஒருத்தர் பாக்குறாங்க" என்றாள். அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "ஒருத்தரா? அப்ப பாண்டிதான். பாண்டிதானே மேடம்?" இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். ஆமாம் என்று சொல்லவும் அவ்வளவே நேரம்தான். "ஆமா" என்றாள். ஜெபமாலை போனை வைக்க மறந்து அங்கே திரும்பிச் சொன்னது இவள் காதிலும் விழுந்தது: "மகன் பாத்துட்டான்ப்பா. மூடுங்க." யாரோ ஒரு பெண் கேவினாள். அப்புறம் ஜெபமாலையின் குரல் தழுதழுத்தது: "நல்லா இருப்பீங்க தாயி. ஒங்க புள்ளகுட்டி நல்லா இருக்கும்." முகத்தின்மேல் முதல் வரட்டி வந்து விழுந்தது. கன்னத்தை மறைத்தது ஒன்று, கண்ணை மறைத்தது ஒன்று, அதன்மேல் வைக்கோல், அதன்மேல் குழைத்த மண். பங்காளி வீட்டுப் பையன் கொள்ளியோடு சுற்ற ஆரம்பித்தான். குழந்தைவேலு, சரி, அப்டேட் போட்டுருங்க என்று சொல்லிவிட்டு அவர் அறைக்குப் போனார்.

அவர் கதவு சாத்தின சத்தம் கேட்டதும் வடிவுக்குக் கருணை வந்தது. நேரம் பார்த்து வருகிற கருணை, ஆபத்தெல்லாம் ஒதுங்கினபிறகு சாவகாசமாக வருகிறது. இனிமேல் என்ன, திறந்துவிடலாம், மெஷினாக இருந்தால் உடனே சாத்திக்கொள்ளலாம், அவர் அறையில் இருந்தால் பார்க்கவா போகிறார். வரம்பை எடுத்தாள். சிவப்புகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. கோடு ஒரு தரம் துள்ளியது, துள்ளி, அவள் கண் முன்னாலேயே அப்படியே படுத்துவிட்டது. ஒரு மெஷின்கூட இல்லை. அவள் போட்ட கணக்கு ஒரு முடி அளவுகூடப் பிசகவில்லை. மூலையில் ஒன்று என்பது நூறானது, நூறு சில நூறானது, ஏறிக்கொண்டே போனது, அத்தனை பேரும் வந்து புகை கிளம்புகிற மண் மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். படத்துக்குக் கீழே இரங்கல் எழுதுகிற இடம் சும்மா கிடந்தது, யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு ஒன்று வந்தது. "ஜெபமாலண்ணே, பாண்டி. இப்பத்தான் படம் வருது. அம்மா முகத்த எப்பக் காட்டுவீங்க." கொஞ்சம் கழித்து, அதற்குக் கீழேயே, "அவசரமில்லண்ணே, நான் லைன்லதான் இருக்கேன்." ஜெபமாலை அதைப் பார்க்கவில்லை. அவர் இரண்டு கையாலும் கேமராவை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.